ஆடிக் காற்றும் அரையாண்டுத் தேர்வும்

(மேனிலை முதலாண்டு அறிவியல் பிரிவு மாணவியர் ஐவர்)

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் வாழும் நமக்குக் காற்றைப் பற்றி யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனி பிறந்துவிட்டால் போதும். குடை நம் கையில் நில்லாது. இரட்டைப் பின்னலின் ரிப்பன் முகத்தில் அடிக்கும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியை அவர்கள் கூறும் அறிவுரையில் பாதி ஆண்டிபட்டிப் பக்கம் பறந்துபோகும். (போகாத பாதியையாவது கடைப்பிடிக்கிறோமா என்று எங்களைக் கேட்காதீர்கள்!) ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைச் சொன்னவர் நம் மாவட்டத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் துணிபு.

அந்தக் காற்றைப் பிடித்துக் கட்டிவைக்க நாங்கள் ஐவரும் முயன்ற கதைதான் இது. 2024 ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் அது தொடங்கிற்று.

எங்கள் ஐவரில் ஒருத்தி நாள்தோறும் புத்தகப் பையில் ஒரு சார்ஜ் விளக்கைக் கொண்டுவருவாள். ஆய்வகத்தின் ஓரத்தில் உள்ள பிளக்கில் அதைச் செருகிவிட்டு, மாலை மணி அடித்ததும் எடுத்துக்கொண்டு போவாள். முதலில் நாங்கள் வேடிக்கையாகப் பேசினோம். "விளக்கேற்றி வைக்க வந்த மகராசி" என்றுகூடக் கேலி செய்தோம். ஒரு நாள் பிளக் பழுதாகி விளக்கு சார்ஜ் ஏறவில்லை. அவள் முகம் வாடியதைக் கண்ட பிறகுதான் காரணத்தைக் கேட்டோம்.

அவள் வீடு காமாட்சிபுரத்துக்கும் ஓடைப்பட்டிக்கும் இடைப்பட்ட ஒரு திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது. அப்பா அங்கே காவலர். தோட்டத்து மோட்டாருக்கு மின்சாரம் உண்டு. அவர்கள் குடியிருக்கும் ஓட்டு வீட்டுக்குக் கிடையாது. அந்த இடத்துக்குத் தனி இணைப்பு வாங்குவதில் ஏதேதோ சிக்கல். அப்பா இரண்டு ஆண்டுகளாக அலைந்துகொண்டிருக்கிறார். அம்மா, அப்பா, ஆறாம் வகுப்புத் தம்பி, அவள், நால்வருக்கும் அந்த ஒரே சார்ஜ் விளக்கு. அதுவும் பழையதாகி, முன்பு மூன்று மணி நேரம் எரிந்தது இப்போது ஒரு மணி நேரத்தில் மங்கிவிடுகிறதாம்.

"எங்க வாசலில் நின்றால் காற்றாலைகள் தெரியும். ராத்திரியில் உச்சியில் சிவப்பு விளக்கு மினுக்கும். தம்பி அதை எண்ணிக்கொண்டே தூங்குவான்" என்றாள்.

ஊருக்கெல்லாம் மின்சாரம் தரும் காற்று அவள் வாசலைக் கடந்துதான் போகிறது! நமக்கும் அதில் ஒரு கை அள்ளித் தராதா? இந்தக் கேள்வியோடு இயற்பியல் ஆசிரியையிடம் போனோம். அவர்கள் சிரிக்கவில்லை. "முதலில் படியுங்கள், பிறகு செய்யுங்கள்" என்று நூலகத்துக்கு அனுப்பினார்கள்.

படிக்கப் படிக்க வியப்பு பெருகிற்று. காற்றைக் கொண்டு மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றுவது புதிய எண்ணமே அன்று. 1887ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்து நாட்டில் மேரிகர்க் என்னும் சிற்றூரில் ஜேம்ஸ் பிளைத் என்ற பேராசிரியர் தம் விடுமுறை இல்லத்துத் தோட்டத்தில் துணிப் பாய்களைக் கட்டிய ஒரு காற்றாடியை நிறுத்தினார். அதிலிருந்து வந்த மின்சாரத்தை மின்கலங்களில் சேமித்துத் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தால் ஊரின் பெரிய தெருவுக்கு விளக்குப் போட்டுத் தருவதாக அவர் சொன்னபோது, இது சாத்தானின் வேலை என்று ஊரார் மறுத்துவிட்டார்களாம். இதை நாங்கள் நூலகச் சகோதரியிடம் சொன்னோம். "நம் ஊரில் அப்படிச் சொல்ல மாட்டார்கள், முதலில் என் வீட்டுக்கு இழு என்பார்கள்" என்றார் அவர்.

அடுத்த ஆண்டே, 1888இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சார்லஸ் பிரஷ் என்பவர் 144 இறக்கைகள் கொண்ட பெரிய சக்கரத்தை நிறுவித் தம் மாளிகையின் நிலவறையிலிருந்த மின்கலங்களை நிரப்பினார். இவர்கள் எல்லாம் பெரியவர்கள், வசதி படைத்தவர்கள். எங்கள் நெஞ்சில் இடம்பிடித்தவர் வேறொருவர். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டில் வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவர் பஞ்சத்தால் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்டவர். 2002ஆம் ஆண்டு வாக்கில் ஊர் நூலகத்துப் புத்தகத்தின் படங்களைப் பார்த்து, பழைய சைக்கிளையும் பிளாஸ்டிக் குழாயையும் கொண்டு காற்றாடி செய்து வீட்டில் விளக்கேற்றினார். எங்கள் வயதுகூட இல்லை அவருக்கு!

சரி, நம் நாட்டில்? 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் அமைந்த காற்றாலைகளே தமிழகத்தில் இத்தொழிலுக்குப் பிள்ளையார் சுழி. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலைத் தொடரில் மோதி, தாழ்ந்த இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு இப்புறம் பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, இவற்றோடு நம் கம்பம் என நான்கு கணவாய்கள் தமிழகக் காற்றாலைகளுக்கு வாசல்கள். முல்லைப் பெரியாற்று நீர் 1895இல் மலையைக் குடைந்து நம் பள்ளத்தாக்குக்கு வந்த கதையை எல்லோரும் படித்திருக்கிறோம். காற்றுக்குச் சுரங்கம் வேண்டியிருக்கவில்லை. தானே வழி கண்டு வந்துவிட்டது.

படிப்பு இப்படி இனித்தது. செயல்?

முதலில் ஒரு பழைய சைக்கிள் டைனமோவின் தலையில் பிளாஸ்டிக் குழாயில் வெட்டிய மூன்று இறக்கைகளைப் பொருத்தினோம். மாடியில் வைத்தபோது ஒரு சிறு விளக்கு எரிந்தது. பெருமையோடு எல்லா வகுப்புக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். ஆனால் அந்த டைனமோவின் தகுதியே 6 வோல்ட், 3 வாட்தான். 12 வோல்ட் மின்கலத்துக்கு அது யானைக்குச் சோளப்பொரி.

அடுத்து பழைய இரும்புக் கடையில் ஒரு கார் ஆல்டர்னேட்டரை 700 ரூபாய்க்கு வாங்கினோம். அது இன்னமும் ஆய்வகத்தில் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவுகிறது. காரில் எஞ்சின் அதை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுழற்றும். எங்கள் இறக்கையோ நல்ல காற்றிலும் நிமிடத்துக்கு 300, 400 சுற்றுத்தான் போகும். அதற்கு மேல், ஆல்டர்னேட்டருக்குள் காந்தம் உண்டாகவே மின்கலத்திலிருந்து கொஞ்சம் மின்சாரம் கொடுக்க வேண்டும். கொடுப்பதைவிட எடுத்துக்கொள்வது அதிகம். பல்சக்கரம் வைக்கலாமா என்று யோசித்தோம். இருக்கிற சிறு விசையில் பாதியை அது உராய்விலேயே தின்றுவிடும் என்று ஆசிரியை தடுத்துவிட்டார்கள். ஆகவே மெதுவாகச் சுற்றினாலும் மின்சாரம் தரும் யந்திரத்தை நாங்களே செய்வதென்று முடிவாயிற்று.

அதற்கு முன் காற்றை அளக்க வேண்டும். கருவி வாங்கப் பணம் ஏது? பிரான்சிஸ் போஃபர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவுமுறை எங்களுக்குக் கைகொடுத்தது. புகை சாயும் விதம், இலை அசையும் விதம், கிளை ஆடும் விதம், இவற்றைப் பார்த்தே காற்றின் வேகத்தைச் சொல்லிவிடலாம். லேசான கொடி விரிந்து பறந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 3½ முதல் 5½ மீட்டர் வரை. புழுதி கிளம்பிச் சிறு கிளைகள் ஆடினால் 8 மீட்டர் வரை. கொடிக்குப் பதில் எங்கள் வெள்ளை ரிப்பன் ஒன்றை அவள் வீட்டு முன்னால் மூங்கில் கழியின் உச்சியில் கட்டினோம். காலை, பகல், மாலை மூன்று வேளையும் அவள் தம்பி அதைப் பார்த்து நோட்டில் எழுதினான். ஜூன் கடைசி முதல் ஜூலை நடுவரை ரிப்பன் தொங்கிக் கிடந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே ஒரு நாள் அவள் அப்பா சொன்ன சொல்லை இப்போது எழுதியாக வேண்டும். பந்தலுக்குக் கீழே நின்று நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாஞ் சரி தாயி. இந்தக் காத்து ஐப்பசி வரைக்குந்தான். அப்புறம் கொண்டல் திரும்பிரும், இலை அசையாது" என்றார். "சரிங்கப்பா" என்றோம். ஒருத்தி அதை நோட்டின் ஓரத்தில் எழுதியும் வைத்தாள். எழுதியதோடு சரி.

யந்திரம் செய்த நாட்களைப் போல மகிழ்ச்சியான நாட்கள் எங்களுக்குப் பள்ளி வாழ்வில் வாய்த்ததில்லை. சுருளின் அருகே காந்தம் நகர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831இல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்ததைப் பத்து முறை தேர்வில் எழுதியிருக்கிறோம். கையால் செய்து பார்ப்பது வேறு! ஒரு வட்ட இரும்புத் தகட்டின் விளிம்பில் எட்டு நியோடிமியம் காந்தங்களை, வடக்கு தெற்கு என முகம் மாற்றி மாற்றி ஒட்டினோம். சோப்புக் கட்டியைவிடச் சிறியவை. ஆனால் என்ன மூர்க்கம்! இரண்டு காந்தங்களுக்கு நடுவில் விரல் சிக்கி எங்களில் ஒருத்திக்கு நகம் கறுத்தது. தகட்டைப் பழைய காரின் சக்கரக் குடத்தில் பொருத்தினோம். குடத்தில் பேரிங் இருப்பதால் பூப்போலச் சுற்றும். காந்தத் தகட்டுக்கு எதிரே ஆறு செம்புக் கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கும். அவற்றுக்கு அப்புறம் காந்த விசையைத் திருப்பி அனுப்ப இன்னொரு வெறும் இரும்புத் தகடு, குடத்தோடு சேர்ந்து சுழலும்.

சுருள் சுற்ற விவசாய மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடைக்குப் போனோம். ஐந்து பெண்கள் சீருடையோடு போய் நின்றதும் கடை அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இத்தனை வருசமா கரண்டு குடுத்து மோட்டாரைச் சுத்த வைக்கிறேன். நீங்க சுத்திவிட்டுக் கரண்டு கேக்குறீங்களா!" என்று நகைத்தார். எனாமல் கம்பியில் சுருளுக்கு 100 சுற்று. கைப்பிடி மிஷினில் நாங்களே முறை வைத்துச் சுற்றினோம். இரண்டிரண்டாகச் சேர்த்து மூன்று ஜோடி. கையால் குடத்தைச் சுழற்றி அளந்தபோது இரண்டு ஜோடிகளில் வோல்ட் வந்தது, மூன்றாவதில் சுழியம்! ஒரு மணி நேரம் விழித்தோம். அண்ணன் ஒரு பார்வை பார்த்தார். "ஒண்ணைத் தலைகீழாச் சேத்துட்டீங்க. ரெண்டும் சண்டை போட்டுக்கிட்டு ஒண்ணும் வெளிய வரல" என்று முனைகளை மாற்றிக் கட்டினார். அக்கா தங்கை சண்டையில் வீட்டுக்கு என்ன பயன் என்று எங்கள் அம்மாக்கள் சொல்வது நினைவுக்கு வந்தது! பிறகு ஆறு சுருள்களையும் பைபர்கிளாஸ் பிசினில் அச்சாக வார்த்து உறையவிட்டோம். மாறுதிசை மின்னோட்டத்தை மின்கலத்துக்கு ஏற்ற நேர்த்திசையாக்க ஆறு டையோடுகள்.

இறக்கைக்கு மலைவேம்பு. லேசாகவும் இருக்க வேண்டும், நாரும் நேராக ஓட வேண்டும். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் நீளம். சைக்கிள் டைனமோவுக்கு வெட்டிய தட்டையான இறக்கை உதவாது. அடிப்பக்கம் அகன்று சாய்ந்தும், நுனிப்பக்கம் குறுகிக் கிட்டத்தட்டப் படுத்தும் இருக்க வேண்டும். நுனி வேகமாக ஓடுவதால் காற்று அங்கே வேறு கோணத்தில் வந்து படுகிறது. ஆசாரி தாத்தாவுக்குப் படத்தைக் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "முன்னப்பின்ன செஞ்சதில்ல பாப்பா. ஏர்க்கலப்பை கொழு மாதிரி முறுக்கிருக்கு. செஞ்சு பாப்போம்" என்றார். முதல் இறக்கையை அவர் வாய்ச்சியாலும் உளியாலும் செதுக்கினார். மற்ற இரண்டையும் எங்களைச் செதுக்கச் சொல்லிவிட்டு அருகில் உட்கார்ந்துகொண்டார். இழைப்புளி பிடித்த கை மறுநாள் பேனா பிடிக்க மறுத்தது. மூன்றையும் சம எடைக்குக் கொண்டுவரச் சிறு ஈயத் துண்டு ஒன்றை ஓர் இறக்கையில் பதிக்க வேண்டியிருந்தது. எடை சமமாக இல்லாவிட்டால் கம்பமே நடுங்கும்.

பணம்? பெற்றோர் ஒருவர் தம் காரிலிருந்து கழற்றிய 35 ஆம்பியர்-மணி மின்கலத்தைத் தந்தார். ஆல்டர்னேட்டரைச் சேர்க்காமல் மற்றவற்றுக்கு 6,840 ரூபாய் ஆயிற்று. இதில் பாதி பள்ளியின் அறிவியல் கழகம். பாதி நாங்கள் இடைவேளையில் விற்ற சுண்டல். வாங்கிச் சாப்பிட்ட தங்கையருக்கு நன்றி. உப்பு அதிகமாக இருந்த நாளுக்கு மன்னிப்பு.

ஆகஸ்ட் 15ஆம் நாள் பள்ளியில் கொடியேற்றி முடிந்ததும் இன்னொரு கம்பத்தை ஏற்றப் புறப்பட்டோம். ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து கழித்த இரண்டங்குல இரும்புக் குழாய், 30 அடி. அடியில் கீல் வைத்து, படுக்கப் போடவும் நிமிர்த்தவும் தக்கதாக அமைத்திருந்தோம். உச்சியில் யந்திரம். நாற்புறமும் இழுத்துக் கட்டப் பந்தல் கம்பி. அப்பாவும் தோட்டத்து ஆட்களும் கப்பியில் வடத்தைக் கோத்து இழுத்தார்கள். தலைமையாசிரியை அவர்களும் வந்து ஒரு கை கொடுத்தார்கள். வால் காற்றுக்குத் திரும்பிற்று. இறக்கைகள் முதலில் தயங்கின. பிறகு மெல்ல உருண்டன. பிறகு இறக்கைகளே தெரியாமல் ஒரு வெள்ளை வட்டம் மட்டும் தெரிந்தது.

அம்மீட்டரில் 2 ஆம்பியர்! எங்கள் கணக்கும் அதுதான். வினாடிக்கு 6 மீட்டர் காற்றில் எங்கள் வட்டத்தின் வழியே போகும் ஆற்றல் ஏறத்தாழ 146 வாட். அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தக் காற்றாடியாலும் எடுக்க இயலாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் நிறுவியிருக்கிறார். முழுவதையும் எடுத்துவிட்டால் காற்று அங்கேயே நின்றுவிடும் அல்லவா? பின்னால் வரும் காற்றுக்கு வழி ஏது? எங்களைப் போன்றவர்கள் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் பெரிது. அது 29 வாட். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காற்றின் வேகம் பாதியானால் ஆற்றல் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். 3 மீட்டர் காற்றில் எங்கள் யந்திரம் தருவது 4 வாட்டுக்கும் குறைவு. இந்த வரியைக் கரும்பலகையில் எழுதியவர்களும் நாங்கள்தாம். அதன் பொருளை உணராதவர்களும் நாங்கள்தாம்.

அன்று இரவு அவள் வீட்டில் 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று எரிந்தன. நாங்கள் பார்க்கவில்லை, விடுதிக்கும் வீட்டுக்கும் திரும்பியிருந்தோம். மறுநாள் அவள் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா அடுப்படியில் விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் இவ்வளவு கரியா என்று கழுவ ஆரம்பித்துவிட்டாள்."

மூன்று வாரம் எல்லாம் நன்றாக நடந்தது. தேவைக்கு மேலேயே மின்சாரம். செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை, சாரலோடு பெருங்காற்று. மின்கலத்து முனையில் நாங்கள் மாட்டிய பிடி தளர்ந்து கழன்றுவிட்டது. அதை இறுக்கும் பொறுப்பு எங்களுடையது, இறுக்கவில்லை. மின்கலம் இணைந்திருக்கும்வரை அதுதான் காற்றாடிக்குச் சுமை, அதுதான் கடிவாளம். கடிவாளம் போனதும் குதிரை வெறிகொண்டு ஓடிற்று. ஊளையிடும் சத்தம் கேட்டு அம்மா வெளியே வந்து பார்க்கும்போதே ஓர் இறக்கை முறிந்து பறந்து, பந்தலைக் கிழித்துக்கொண்டு போய்க் கல்தூணில் மோதிச் சிதறிற்று. சற்று முன்னர்தான் தம்பி அந்தத் தூணருகே ஆட்டைக் கட்டிவிட்டு உள்ளே வந்திருந்தான்.

பின்னால் கணக்கிட்டுப் பார்த்தோம். அந்த வேகத்தில் இறக்கையின் நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் போயிருக்கும். கணக்கு முடிந்ததும் எங்களில் யாரும் பேசவில்லை.

தலைமையாசிரியை அவர்கள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். "என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி எப்படி நடக்காது, இம்மூன்றையும் எழுதிக் கொண்டுவந்து அந்தத் தாயிடம் முதலில் காட்டுங்கள். அவர்கள் சம்மதித்தால் என்னிடம் வாருங்கள்" என்றார்கள். நாங்கள் எழுதினோம். அம்மாவுக்கு அவளே படித்துக் காட்டினாள். அம்மா வெகுநேரம் எதுவும் சொல்லவில்லை. கடைசியில், "காத்தடிச்சா நிறுத்த வழி இருக்கா? அதை எனக்குச் சொல்லிக் குடுங்க" என்று மட்டும் கேட்டார்.

வழி இருந்தது. அதை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். சுருள்களிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் யந்திரம் தன் விசையாலேயே தன்னைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். அதற்கு ஒரு பெரிய சுவிட்சை வாசல் சுவரில், அம்மாவின் கைக்கெட்டும் உயரத்தில் பொருத்தினோம். மின்கலம் நிறைந்ததும் மிச்ச மின்சாரத்தைப் பழைய முகப்பு விளக்குகளுக்குத் திருப்பிவிட ஓர் ஏற்பாடு செய்தோம். கடுங்காற்றில் சக்கரம் ஒருக்களித்துத் திரும்பிக்கொள்ள வாலைக் கீல் வைத்து மாற்றினோம். மின்கலத்தை அடுப்படிக்கு வெளியே கொண்டுபோனோம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், அதன் அருகே நெருப்பு ஆகாது. ஆசாரி தாத்தா புது இறக்கைக்குக் கூலி வாங்கவில்லை. செப்டம்பர் கடைசியில் மீண்டும் கம்பம் நிமிர்ந்தது. முதல் நாள் அம்மாவே மூன்று முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பார்த்தார்.

ஐப்பசி பிறந்தது.

அவள் அப்பா சொன்னது நாள் தவறாமல் நடந்தது. ரிப்பன் முதலில் துவண்டது, பிறகு தொங்கிற்று. மழை வந்தது, காற்று வரவில்லை. வாரத்தில் ஒரு நாள் சக்கரம் சோம்பலாகச் சுற்றும். மின்கலத்தை எட்டும் அளவுக்கு வோல்ட் இராது. அவர்கள் வீட்டுத் தேவை நாளொன்றுக்குச் சுமார் 70 வாட்-மணி. மின்கலத்தைப் பாதிக்கு மேல் வடியவிட்டால் அது கெட்டுப்போகும். ஆக, நிறைந்த மின்கலம் மூன்று நாளைக்கு வரும். மூன்றே நாள்! நாங்கள் காற்றாடியின் விட்டத்தைக் கணக்கிட்டோம், சுற்றைக் கணக்கிட்டோம், மாதங்களைக் கணக்கிடவில்லை. நோட்டை எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில் எங்கள் கையெழுத்திலேயே இருந்தது: "ஐப்பசி வரை."

அவள் தினமும் காலையில் வோல்ட் மீட்டரைப் பார்த்து எழுதிவந்த தாளை நாங்கள் கேட்டு வாங்கினோம். 12.6, 12.4, 12.2, 12.0. அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை. விளக்குகளை ஒன்றாகக் குறைத்து, அதையும் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவள் மீண்டும் பழைய சார்ஜ் விளக்கைப் பையில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கியிருந்தாள். எங்களிடம் சொல்லவில்லை. எங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்று நினைத்தாளாம்!

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. விடுதிச் சகோதரி அவளைத் தேர்வு முடியும்வரை விடுதியில் தங்கிப் படிக்கச் சொன்னார்கள். படித்தாள், வகுப்பில் இரண்டாவதாக வந்தாள். ஆனால் தம்பி வீட்டில்தானே இருந்தான்? அவன் கணக்கில் 31 மதிப்பெண் வாங்கினான். அந்த 31 எங்களுக்கு இன்னும் உறுத்துகிறது.

ஜனவரியில் மீதிச் சுண்டல் பணத்தோடு ஆசிரியைகள் சேர்த்துத் தந்ததையும் வைத்து 40 வாட் சூரியத் தகடு ஒன்று வாங்கி ஓட்டின்மேல் பொருத்தினோம். நல்ல வெயிலில் நாளுக்கு 140 வாட்-மணி வரை தருகிறது, சத்தம் இல்லை, இறக்கை இல்லை, சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. உண்மையை எழுதுவதென்றால் முழுவதும் எழுத வேண்டும்: ஜூன் மாதமே இதை வாங்கியிருந்தால் செலவில் பாதிகூட ஆகியிராது. இதை எழுதும்போது எங்களுக்குக் கொஞ்சம் கசக்கிறது. ஆனாலும் ஆனி, ஆடியில் நாள்கணக்கில் மேகம் மூடிச் சாரல் அடிக்கும்போது தகடு சோர்ந்துவிடும். அப்போது காற்றாடிக்கு வேலை வரும் என்று ஆசிரியை கூறுகிறார்கள். எங்களுக்காகச் சொல்கிறார்களோ என்று முதலில் ஐயுற்றோம். கணக்குப் போட்டுப் பார்த்தோம், சரியாகத்தான் இருக்கிறது.

காற்றாடியைத் தையில் இறக்கிவிட்டோம். பேரிங்குக்குக் கிரீஸ் வைத்து, இறக்கைகளுக்கு வார்னிஷ் பூசி, அவர்கள் வீட்டுப் பரண்மேல் சாக்குச் சுற்றி வைத்திருக்கிறோம். கம்பம் மட்டும் நிற்கிறது. அதன் உச்சியில் அவள் அப்பா பழைய ரிப்பனைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டியிருக்கிறார். மேல்காற்று எழுந்து அது விரிந்து பறக்கும் முதல் நாளில் சொல்லி அனுப்புகிறேன், வந்து ஏற்றுங்கள் என்றிருக்கிறார்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் இன்று காலையும் அவளைக் கேட்டோம். ரிப்பன் இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம்.